கருத்து எழுதிக் கொடுத்த வக்கீலைக் கூண்டில் ஏற்ற முடியுமா?

“சிஐஏ கைதிகளை வதைக்கலாம் என்று எழுதிக் கொடுத்த அமெரிக்க அரசு வக்கீல்களில் ஒருவர்கூட உள்ளே போகவில்லை. வக்கீல் கருத்து சொன்னால் அது குற்றமே ஆகாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஏன் தண்டிக்கவில்லை என்ற ஆதங்கம் இதில் தெரிகிறது. ஆனால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி வேறு: ஒரு சட்டக் கருத்து எதுவரை வெறும் கருத்து, எங்கிருந்து குற்றத்தில் பங்கு? இதற்குச் சட்டத்தில் ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. அந்த விடையை ஒரு நீதிமன்றத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாதைகள்தான் ஒவ்வொன்றாக அடைபட்டன.

முதலில், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் எழுதப்பட்ட எந்தக் காகிதங்களைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடலாம். எல்லாவற்றையும் சேர்த்து ‘சித்திரவதை மெமோ’ என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் பாதிக் குழப்பம். அமெரிக்க நீதி அமைச்சகத்துக்குள் சட்ட ஆலோசனை அலுவலகம் என்று ஒரு சிறிய பிரிவு இருக்கிறது. அது எழுதித் தரும் கருத்து அரசின் மற்றத் துறைகளை நடைமுறையில் கட்டுப்படுத்தும். அந்தப் பிரிவிலிருந்து 2002 ஆகஸ்ட் 1ஆம் தேதி இரண்டு மெமோக்கள் வெளிவந்தன. எழுதியதில் முக்கியக் கை ஜான் யூ. கையெழுத்திட்டவர் பிரிவின் தலைவர் ஜே பைபீ. ஒன்று வெள்ளை மாளிகை வக்கீல் ஆல்பர்ட்டோ கொன்சாலஸுக்குப் போன பொதுவான சட்ட விளக்கம். மற்றொன்று சிஐஏவின் வக்கீலுக்குப் போன 18 பக்க ரகசிய மெமோ. அபு சுபைதா என்ற ஒரே கைதியின் மீது பயன்படுத்த 10 முறைகளை அது அனுமதித்தது. கன்னத்தில் அறைவது, சுவரில் மோதுவது, பெட்டிக்குள் அடைப்பது, தூங்கவிடாமல் வைப்பது, கடைசியாக முகத்தில் துணி போட்டு நீர் ஊற்றும் வாட்டர்போர்டிங். 2003 மார்ச் 14இல் யூ பாதுகாப்புத் துறைக்குத் தனியாக 81 பக்க மெமோ ஒன்று எழுதினார். 2005 மே மாதம் அதே பிரிவின் ஸ்டீவன் பிராட்பரி மூன்று மெமோக்கள் எழுதினார். ஒவ்வொன்றின் காலமும், எழுதியவருக்கு அப்போது என்ன தெரிந்திருந்தது என்பதும் வேறுவேறு. பொறுப்பைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் வாதம் முதல் படியிலேயே சரியும்.

சட்டத்தில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதிக்கு வருகிறேன். சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கையின் 4ஆவது பிரிவு, சித்திரவதை செய்வதோடு அதற்கு உடந்தையாக இருப்பதையும் அதில் பங்கெடுப்பதையும் குற்றமாக்கச் சொல்கிறது. போர், அவசரநிலை எதுவும் சாக்கு ஆகாது என்கிறது 2ஆவது பிரிவு. அமெரிக்கா 1994இல் இதை ஏற்று உறுதிசெய்தது. உள்நாட்டிலும் சட்டம் போட்டது: நாட்டுக்கு வெளியே அதிகாரத்தின் பேரில் சித்திரவதை செய்தால் 20 ஆண்டு வரை சிறை, கைதி இறந்தால் மரண தண்டனை வரை போகலாம். 2001 அக்டோபரில் வந்த, பயங்கரவாதத்துக்கு எதிரான பேட்ரியாட் சட்டம் இதற்குக் கூட்டுச்சதி செய்வதையும் தனிக் குற்றமாகச் சேர்த்தது. மெமோக்கள் எழுதப்படுவதற்கு ஒன்பது மாதம் முன்பே இது அமலில் இருந்தது. இது வெறும் காகிதச் சட்டமும் இல்லை. லைபீரிய முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லரின் மகனுக்கு இதன் கீழ் மயாமி நீதிமன்றம் 2009 ஜனவரியில் 97 ஆண்டு சிறை விதித்தது.

வக்கீலைத் தண்டித்த முன்னுதாரணமும் உண்டு. எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1947இல் நியூரம்பெர்கில் நடந்த நீதிபதிகள் வழக்கு. அதில் 16 பேர் மீது குற்றச்சாட்டு. 10 பேர் தண்டிக்கப்பட்டனர். ஆனால் அவர்கள் பெரும்பாலும் நாஜி நீதி அமைச்சகத்தின் அதிகாரிகள், நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள். ஆலோசனை சொல்வதைத் தாண்டி, தூக்குமேடைக்கு ஆள் அனுப்பும் அதிகாரம் கையில் இருந்தவர்கள். நம் கேள்விக்கு நெருக்கமானவர் ஜெர்மன் உயர் ராணுவத் தலைமையகத்தின் சட்டப் பிரிவுத் தலைவர் ரூடால்ஃப் லேமன். சோவியத் படையெடுப்பின்போது பொதுமக்கள் மீது நடக்கும் குற்றங்களுக்குப் படைவீரர்களைப் பொறுப்பாக்காத ஆணையை வடித்துக் கொடுத்ததில் அவருக்குப் பங்கு இருந்தது. மேலே இருந்தவர்கள் முடிவெடுத்தார்கள், நான் சட்ட மொழியில் எழுதினேன் என்ற தற்காப்பு எடுபடவில்லை. 1948இல் அவருக்கு 7 ஆண்டு சிறை. இதையும் அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். லேமன் எழுதியது ஆணை. யூ எழுதியது ஆணை பிறப்பிப்பவருக்கான கருத்து. இடைவெளி சிறியதுதான், ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் நிற்கப்போவது அந்த இடைவெளியில்தான்.

அப்படியானால் எல்லை எங்கே? தவறான கருத்து குற்றம் ஆகாது. படு மோசமான கருத்துகூடக் குற்றம் ஆகாது. அப்படி ஆக்கினால் எந்த அரசு வக்கீலும் பேனாவைத் தொட மாட்டார். உடந்தைக் குற்றத்துக்கு மூன்று விஷயங்கள் தேவை. அடிப்படைக் குற்றம் நடந்திருக்க வேண்டும். வக்கீலின் கருத்து அதற்கு உண்மையிலேயே உதவியிருக்க வேண்டும். அந்தக் குற்றம் நடக்க வேண்டும் என்ற மனதோடு அவர் உதவியிருக்க வேண்டும். முதல் இரண்டையும் இந்த வழக்கில் நிறுவுவது கடினமில்லை. அபு சுபைதா மீது 2002 ஆகஸ்டில் மட்டும் குறைந்தது 83 முறை நீர் ஊற்றப்பட்டது. கையில் மெமோ வரும்வரை சிஐஏ அந்த முறையில் இறங்காமல் காத்திருந்தது. வழக்கின் உயிர் மூன்றாவதில்தான் இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினாரா, அல்லது முடிவை முன்னே வைத்துக்கொண்டு அதற்குச் சட்டம் தேடினாரா?

இதற்குச் சான்று மெமோவுக்குள்ளேயே இருக்கிறது. எதைத் தேட வேண்டும் என்று தெரிந்து படித்தால் கண்ணில் படும். ‘கடுமையான வலி’ என்றால் என்ன என்பதற்கு 2002 மெமோ கொடுத்த அளவுகோல், உறுப்புச் செயலிழப்பு அல்லது மரணத்தோடு வரும் வலிக்கு ஈடானது என்பது. இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? மருத்துவக் காப்பீட்டில் எது அவசர சிகிச்சை என்று வரையறுக்கும் ஒரு சட்டத்திலிருந்து. அந்தச் சட்டம் வலியை வரையறுக்கவில்லை. எந்த அறிகுறி தெரிந்தால் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று சொல்கிறது. அடுத்தது, விட்டுப்போனவை. போர்க்காலத்தில் அதிபரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த 1952ஆம் ஆண்டு எஃகு ஆலைகள் வழக்கை, அதிபர் அதிகாரத்தைப் பற்றியே வாதிடும் மெமோ குறிப்பிடவே இல்லை. சட்டம் படிக்கும் மாணவர் இதை விட்டால் தேர்வில் பெயிலாவார். டெக்சாஸில் கைதிகள் முகத்தில் துணி போட்டு நீர் ஊற்றி வாக்குமூலம் வாங்கிய ஷெரிஃப் ஒருவரும் அவருடைய ஆட்களும் தண்டிக்கப்பட்டதில், 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ‘நீர்ச் சித்திரவதை’ என்றே எழுதியது. அதுவும் மெமோவில் இல்லை. ஆனால் இந்த இரண்டாவதை நான் ரொம்ப நம்ப மாட்டேன். மேல்முறையீட்டில் விவாதிக்கப்பட்டது விசாரணையைத் தனியாக நடத்துவது பற்றிய நடைமுறைக் கேள்வி. சித்திரவதைக்கு வரையறை அந்தத் தீர்ப்பில் கிடையாது. வலுவான சான்றோடு பலவீனமானதைக் கட்டி வைத்தால் எதிராளி பலவீனமானதைப் பிடித்து இரண்டையும் இழுத்துப் போட்டுவிடுவார்.

மூன்றாவது சான்று, காலவரிசை. 2002 ஜூலை நடுவில், வருங்காலத்தில் வழக்குப் போட மாட்டோம் என்று முன்கூட்டியே உறுதி தரும்படி சிஐஏ கேட்டதற்கு அமைச்சகத்தின் குற்றவியல் பிரிவு மறுத்துவிட்டது. அதன் பிறகுதான் வரைவில் இரண்டு பகுதிகள் சேர்க்கப்பட்டன: போர்த் தளபதி என்ற முறையில் அதிபரை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பது ஒன்று, வதைத்தவருக்குத் தற்காப்பு, கட்டாயநிலை போன்ற வாதங்கள் கிடைக்கும் என்பது இன்னொன்று. கேட்ட பாதுகாப்பு முன்வாசல் வழியாகக் கிடைக்காததால் கொல்லைப்புறம் திறந்தார்கள் என்று அமைச்சகம் பின்னர் நடத்திய ஒழுங்கு விசாரணை கருதியது. தன் தரப்பில் இதை யூ ஏற்கவில்லை. குற்ற மனதைக் காட்ட எனக்குத் தெரிந்து இதைவிடக் கூர்மையான சான்று இந்த ஆவணங்களில் இல்லை.

இனி பாதைகள். மிக நெருங்கி வந்தது ஒழுங்கு நடவடிக்கை. அமைச்சகத்தின் தொழில் ஒழுங்குப் பிரிவு 2004இல் தொடங்கி ஐந்து ஆண்டு விசாரித்தது. 2009 ஜூலை 29 தேதியிட்ட இறுதி அறிக்கையில், யூ வேண்டுமென்றே தொழில் ஒழுக்கத்தை மீறினார், பைபீ பொறுப்பில்லாமல் அலட்சியமாக நடந்தார் என்று எழுதியது. சுதந்திரமான, ஒளிவுமறைவற்ற ஆலோசனை தர வேண்டும் என்ற தொழில் விதிதான் அடிப்படை. இந்த முடிவு நிலைத்திருந்தால் அவர்கள் உறுப்பினராக உள்ள மாநில வழக்கறிஞர் அமைப்புகளுக்குப் புகார் போயிருக்கும், உரிமம் பறிபோயிருக்கலாம். ஆனால் 2010 ஜனவரி 5ஆம் தேதி அமைச்சகத்தின் மூத்த அதிகாரி டேவிட் மார்கோலிஸ் அதை மாற்றி எழுதினார். மெமோக்களில் குறைகள் உண்டு, இது ‘மோசமான முடிவெடுப்பு’, ஒழுக்க மீறல் என்று சொல்ல முடியாது என்றார். அவர் வாதத்தின் அச்சாணி: அந்தக் காலத்தில் எழுத்தில் இருந்த எந்தத் தெளிவான விதியை மீறினார்கள் என்று ஒழுங்குப் பிரிவு காட்டவில்லை. யூவைப் பற்றி இது எளிதான கேள்வி இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். விசாரணைக்குக் கேட்டபோது யூவின் மின்னஞ்சல்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டிருந்தது, மீட்க முடியவில்லை என்பதும் அறிக்கையிலேயே பதிவாகியிருக்கிறது. மனநிலையை நிரூபிக்க வேண்டிய வழக்கில், அந்த மனநிலை பதிவாகியிருக்கக்கூடிய காகிதமே போய்விட்டது.

குற்றவியல் பாதையை ஒரு வட்டம் அடைத்தது. வதைத்தவர் “வக்கீல் சரி என்றார், நம்பிச் செய்தேன்” என்கிறார். வக்கீல் “நான் கை வைக்கவில்லை, கருத்துதான் சொன்னேன்” என்கிறார். ஒருவர் மற்றவருக்குக் குடை பிடிக்கிறார். 2005ஆம் ஆண்டுக் கைதிகள் சட்டம் முதல் குடையைச் சட்டமாகவே ஆக்கிக் கொடுத்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதை 2001 செப்டம்பர் 11 வரை பின்னோக்கி நீட்டியது. 2009 ஆகஸ்டில் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர், அரசு வழக்கறிஞர் ஜான் டர்ஹாமை இந்த வதைகளை விசாரிக்கச் சொன்னபோதும், மெமோ அனுமதித்த எல்லைக்குள் நல்லெண்ணத்தோடு நடந்தவர்கள் மீது வழக்கு வராது என்று முன்பே அறிவித்துவிட்டார். மெமோவையே கேள்விக்கு உள்ளாக்காமல், மெமோவை மீறியவர்களை மட்டும் தேடும் விசாரணை அது. 101 கைதிகளின் விவகாரங்களைப் பார்த்துவிட்டு, இரண்டு மரணங்களை மட்டும் முழுமையாக விசாரித்து, 2012 ஆகஸ்ட் 30இல் ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல் மூடினார்கள்.

இந்த வட்டத்துக்குள் ஒரு விரிசல் இருக்கிறது. வக்கீல் சொன்னதை நம்பினேன் என்ற தற்காப்புக்கு, வக்கீலிடம் உண்மைகளை முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். அபு சுபைதா மெமோ, இன்ன உண்மைகளின் பேரில்தான் இந்தக் கருத்து, அவை மாறினால் கருத்தும் பொருந்தாமல் போகலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. திரும்பத் திரும்பச் செய்வது அதிகம் இருக்காது என்று சிஐஏ சொன்னதாகவும் அதில் எழுதியிருக்கிறது. 83 முறை எப்படி அதற்குள் அடங்கும்? சிஐஏ நீதி அமைச்சகத்துக்குத் தவறான தகவல்கள் கொடுத்தது என்று 2014 டிசம்பரில் வெளியான செனட் புலனாய்வுக் குழுவின் அறிக்கைச் சுருக்கமும் சொல்கிறது. ஆனால் இது இருபக்கமும் வெட்டும். வதைத்தவரின் குடையைக் கிழிக்கும் அதே உண்மை, “என்னை ஏமாற்றிவிட்டார்கள்” என்று சொல்ல 2002ஆம் ஆண்டு வக்கீலுக்கு வாய்ப்புக் கொடுக்கிறது.

அதனால்தான் 2005 மெமோக்கள் கூடுதல் கவனத்துக்கு உரியவை என்பது என் கணிப்பு. அப்போது சிஐஏவின் உள் கண்காணிப்பு அதிகாரியான இன்ஸ்பெக்டர் ஜெனரல் 2004 மே மாதம் கொடுத்த அறிக்கை பிராட்பரியின் மேசையில் இருந்தது. 83, 183 என்ற எண்ணிக்கைகள் அவருடைய 2005 மே 30 மெமோவிலேயே இருக்கின்றன. இரண்டாவது எண், செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டதாகக் குற்றம்சாட்டப்பட்ட காலித் ஷேக் முகமது மீது 2003 மார்ச்சில் நடந்தது. 2002 ஆகஸ்ட் பொது மெமோவை அதே அலுவலகத்தின் தலைவராக வந்த ஜாக் கோல்ட்ஸ்மித் 2004 ஜூனில் திரும்பப் பெற்றுவிட்டார். எனவே அந்தத் தர்க்கம் நிற்காது என்பதும் தெரிந்த விஷயம். எல்லாம் தெரிந்த பிறகும் அதே முறைகள் சட்டத்துக்கு உட்பட்டவையே என்று எழுதப்பட்டது. ‘தெரியாது’ என்ற வாதம் இங்கே கிடையாது. ஆனாலும் எழுத்தின் தரம் யூவுடையதைவிடக் கவனமானது, மறுபக்கத் தீர்ப்புகளைக் குறிப்பிடுகிறது. ஒழுங்குப் பிரிவு பிராட்பரி மீது ஒழுக்க மீறல் என்று முடிவு செய்யவில்லை. கெட்ட மெமோவை நன்றாக எழுதினால் தப்பிக்கலாம் என்ற சங்கடமான இடம் இது.

சிவில் வழக்கில் நிலை என்ன என்பதற்கு ஒரே முக்கிய எடுத்துக்காட்டு போதும். அமெரிக்கக் குடிமகனான ஹோசே படில்லா, விசாரணையின்றிக் கடற்படைச் சிறையில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வதைக்கப்பட்டதற்கு யூவின் மெமோக்களே காரணம் என்று 2008இல் வழக்குப் போட்டார். கேட்ட நஷ்டஈடு ஒரு டாலர். 2009இல் கலிஃபோர்னியா மாவட்ட நீதிபதி வழக்கை அனுமதித்தார். 2012 மே 2ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. அரசு அதிகாரிக்கு உள்ள விலக்குரிமை தான் காரணம்: மீறப்பட்ட உரிமை அந்தக் காலத்தில் ‘தெளிவாக நிலைநாட்டப்பட்டதாக’ இருந்தால்தான் அதிகாரியைப் பொறுப்பாக்கலாம், 2001 முதல் 2003 வரை அப்படித் தெளிவு இல்லை என்றது நீதிமன்றம். தெளிவைக் கலைத்த காகிதத்தை எழுதியவருக்கே தெளிவின்மையின் பலன் கிடைத்தது. அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தில்தான் பைபீ 2003 முதல் நீதிபதி; இந்த வழக்கைக் கேட்ட மூவரில் அவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: முறைகளை வடிவமைத்த உளவியலாளர்கள் ஜேம்ஸ் மிட்செல், புரூஸ் ஜெஸ்ஸன் இருவரும் ஒப்பந்தக்காரர்கள். அவர்கள் மீதான வழக்கு 2017இல் விசாரணை தொடங்கும் தறுவாயில் சமரசத்தில் முடிந்தது. ஒப்பந்தக்காரரை நீதிமன்ற வாசல்வரை இழுக்க முடிந்தது, அரசு வக்கீலை முடியவில்லை.

வெளிநாட்டு நீதிமன்றங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கிடைத்த பலன் அவ்வளவுதான். ஸ்பெயினில் 2009இல் யூ, பைபீ, கொன்சாலஸ் உள்ளிட்ட ஆறு பேர் மீது புகார் ஏற்கப்பட்டது; 2011 ஏப்ரலில் நீதிபதி வெலாஸ்கோ அதை அமெரிக்காவே பார்த்துக்கொள்ளட்டும் என்று நிறுத்தி அனுப்பிவிட்டார். ஜெர்மன் அரசு வழக்கறிஞர் 2007இல் விசாரிக்கவே மறுத்தார். கோலாலம்பூரில் 2012இல் ஒரு தீர்ப்பாயம் இவர்களைக் குற்றவாளிகள் என்று அறிவித்த செய்தியைப் பலரும் பகிர்கிறார்கள். அது மலேசிய முன்னாள் பிரதமர் மகாதீரின் முயற்சியில் உருவான மக்கள் தீர்ப்பாயம். எந்த அரசின் அதிகாரமும் அதன் பின்னால் கிடையாது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2020இல் ஆப்கானிஸ்தான் விசாரணைக்கு அனுமதி தந்தது. 2021இல் வழக்கறிஞர் கரீம் கான் அமெரிக்கர்கள் தொடர்பான பகுதியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்.

சரி, இன்று ஒருவர் புகார் எழுதுவதாக இருந்தால் என்ன செய்ய வேண்டும்? ‘சித்திரவதை மெமோக்கள்’ என்று மொத்தமாகத் தொடங்கக் கூடாது. ஒரு மெமோ, ஒரு கைதி, ஒரு தேதி என்று தொடங்க வேண்டும். மெமோவின் தேதி முன்னே, செயலின் தேதி பின்னே என்று காட்ட வேண்டும். சில முறைகள் மெமோ வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டன, அவற்றுக்கு மெமோவைக் காரணமாகச் சொன்னால் வழக்கு உடையும். நடந்தது மெமோ அனுமதித்த எல்லைக்குள்ளா, வெளியேயா என்று பிரிக்க வேண்டும்: உள்ளே என்றால் வக்கீலின் பொறுப்பு கூடும், வெளியே என்றால் வதைத்தவரின் பொறுப்பு கூடும். பிறகுதான் குற்ற மனதுக்கான சான்றுகள், வலுவானது முதலில்.

இதில் நீதிமன்றம் இதுவரை தொடாத சட்டக் கேள்விகள் இரண்டு. யூவின் மனநிலையைச் சந்தேகத்துக்கு இடமின்றி ஒரு ஜூரி முன் நிறுவ முடியுமா? உண்மையிலேயே அதிபர் அதிகாரத்தில் அப்படி நம்பிக்கை வைத்திருப்பவர் என்று அவர் வாதிடுவார். அதற்கு சட்டப் பேராசிரியராக அவர் எழுதிய கட்டுரைகளே சாட்சி சொல்லும். நம்பிக்கை உண்மையானால் உள்நோக்கம் அடிபடும். ஒழுங்கு நடவடிக்கைக்கு இந்தத் தடை அவ்வளவு பெரிதில்லை, ஆகவே நடந்திருக்க வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். மற்றொன்று காலவரம்பு. அமெரிக்காவில் இந்தக் குற்றத்துக்கு 8 ஆண்டுகள்; அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் மரணமோ கடுமையான உடற்காயமோ நேர்ந்திருந்தால், அல்லது நேரக்கூடும் என்று முன்கூட்டியே தெரியக்கூடியதாக இருந்தால், வரம்பே இல்லை. 2002 மெமோ வாட்டர்போர்டிங்கைச் சாகப்போகிறோம் என்ற உணர்வைத் தருவது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, நீடித்த மனப் பாதிப்பு இல்லாததால் சித்திரவதை இல்லை என்று கடந்து போனது. உடல் ரீதியான ஆபத்து அவர்களுக்கு அன்றே தெரியக்கூடியதாக இருந்ததா என்பதைச் சிஐஏவின் மருத்துவப் பிரிவு எழுதிய குறிப்புகளைக் கொண்டுதான் வாதிட முடியும்.

கடைசியாக ஒன்று, கேள்விக்கு வெளியேதான். ‘அமெரிக்கா இதுவரை தன் வக்கீல் யாரையும் இப்படித் தண்டித்ததே இல்லை’ என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் தண்டிக்கப்பட்டவர் ஒருவர் இருக்கிறார். பிலிப்பைன்ஸ் போரில் ராணுவச் சட்ட அதிகாரியாக இருந்த எட்வின் கிளென், ஓர் ஊர்த்தலைவருக்கு நீர்ச் சித்திரவதை கொடுத்ததற்காக 1902இல் ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். அவர் கருத்து எழுதிக் கொடுக்கவில்லை, நேரிலேயே செய்வித்தார். தண்டனை: ஒரு மாதப் பணி இடைநீக்கம், 50 டாலர் அபராதம்.